பொங்கலுக்குத் தள்ளிவைத்த குதிரைகள்

சகுந்தலா பெரியம்மா இறந்த செய்தி எங்கள் வீட்டுக்குப் பால் சொசைட்டியிலிருந்து வந்தது. கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமை. கேனை எடுத்துக்கொண்டு போன அம்மா பாலை ஊற்றாமலேயே திரும்பி வந்தார். "யாரும் ஊத்தல, எல்லாம் அப்படியே நிக்கறாங்க" என்றார். கேனை இறக்கி வைத்துவிட்டு, "பெரிம்மா போயிட்டாங்க கண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தருமபுரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அப்போது எனக்கு முதலில் தோன்றியதை மறைக்காமல் எழுத வேண்டும். 'பொங்கலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறதே' என்று தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

எங்கள் ஊரிலும் இண்டூர் சுற்றுவட்டத்திலும் மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். கால்நடைக் கிளை நிலையத்தில் ஆய்வாளராக இருந்தார். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, காதில் மஞ்சள் வில்லை மாட்டுவது, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து என்று அலைந்ததில், இந்தப் பக்கத்தில் அவர் குனிந்து நுழையாத மாட்டுக்கொட்டகை இருக்காது. இதைப் படிக்கும் நம் பக்கத்துக்காரர்களே, நீங்கள் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு முறையும் அவர், "நான் டாக்டர் இல்லீங்க" என்று திருத்துவார். "அட உடுங்க டாக்டரம்மா" என்று நீங்கள் சிரிப்பீர்கள். அது அவருடைய பணிவு என்றே நானும் நினைத்திருந்தேன். அதற்கு வேறு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அவர் ரத்த சொந்தம் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் செவலைப் பசு கன்று போட்டு, மறுநாள் வரை நஞ்சுக்கொடி விழாமல் நின்றது. அப்பா ஓடிப்போய்ப் பெரியம்மாவை அழைத்து வந்தார். வந்தவர் பையைக் கீழே வைத்தார். கொட்டகைக்கு வெளியே, பசுவின் முகத்துக்கு நேராக, ஒன்றும் செய்யாமல் நின்றார். ஐந்து நிமிடம் இருக்கும். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா சும்மா நிக்கறீங்க?" என்றார்.

"மொதல்ல மாடு நம்மளப் பாத்துக்கட்டும். அப்பறம் நாம மாட்டப் பாக்கலாம்."

அந்த வாக்கியம் நன்றாக இருக்கிறது என்று அன்றே எழுதி வைத்தேன். அதைவிட முக்கியமான இன்னொன்றை நான் எழுதி வைக்கவில்லை. வேலை முடிந்து கையைக் கழுவும்போது அவர் அப்பாவிடம் சொன்னது அது. "நாளைக்கு ஒடம்பு சுட்டா டாக்டரக் கூப்புடுங்க. இதுக்கு மேல எனக்குத் தெரியாது." சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் இவ்வளவு சுலபமாகத் தெரியாது என்று சொல்லி, தான் பார்த்ததே இல்லை என்று அப்பா இரவுச் சாப்பாட்டின்போது ஆச்சரியப்பட்டார்.

குதிரைப் பேச்சு போன வருடக் கோடை விடுமுறையில் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்து நான் தினமும் ஊர்ப்புற நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் பெரியம்மாவும் வருவார். செய்தித்தாளை மட்டும் படிப்பார். அன்று ஊட்டிக் குதிரைப் பந்தயத்தின் படம் வந்திருந்தது. ஏழெட்டுக் குதிரைகள் ஒரு வளைவில் சாய்ந்து ஓடுகின்றன. பெரியம்மா அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. வெகு நேரம் கழித்து என்னிடம் கேட்டார். "இங்கெல்லாம் நம்ம மாதிரி ஆளுங்கள உள்ள உடுவாங்களா கண்ணு?"

என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் கிடைக்காமல் எனக்கு வேறு வேலை ஓடாது. அடுத்த சனிக்கிழமைக்குள் நான்கு பக்கம் எழுதிவிட்டேன். ஊட்டியில் பந்தயம் கோடையில் மட்டும்தான் நடக்கும். மொரப்பூரில் ரயிலேறினால் கோயம்புத்தூர் போய் அங்கிருந்து மலையேறலாம். பெங்களூரிலும் பந்தய மைதானம் இருக்கிறது. குனிகல் பக்கத்தில் குதிரைகளை இனப்பெருக்கம் செய்து வளர்க்கிறார்கள். அந்தியூரில் ஆடித் திருவிழாச் சந்தைக்குக் குதிரைகள் வரும். ஓசூருக்கு அந்தப் பக்கம் குதிரையேற்றம் கற்றுத்தரும் பண்ணை ஒன்று இருக்கிறது. பெரியம்மா நான்கு பக்கத்தையும் இரண்டு முறை படித்தார். "எல்லாத்தையும் ஒரே சுத்தா சுத்திட்டு வரலாமா?" என்றார். அவர் குரலில் அப்படி ஓர் ஆசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அனுமதி வாங்கினோம். நான், பெரியம்மா, பெரியப்பா, மூன்று பேரும் போவதாக ஏற்பாடு.

பெரியப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் திட்டம் அவருக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. பெரிய நோட்டை விரித்து நாங்கள் பேச உட்கார்ந்தால், அவர் முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவார். பந்தய மைதானத்துக்குள் பதினெட்டு வயது ஆகாதவர்களை விடுவார்களா என்பது சந்தேகம் என்று நான் ஒருநாள் சொன்னேன். அப்படியானால் என்னை வெளியே நிற்க வைத்துவிட்டு, தான் மட்டும் பார்த்து வந்து சொல்வதாகப் பெரியம்மா சொன்னார்.

"இவள தனியா உள்ள உட்டா அவ்வளவுதான்" என்றார் பெரியப்பா. "ஓடற குதிரய நிறுத்திக் கோமாரி ஊசி போட்டுட்டுத்தான் வருவா."

"குதிரைக்குக் கோமாரி வராதுங்க. அது பொளந்த குளம்புக்குத்தான் வரும், குதிரைக்கு ஒத்தக் குளம்பு" என்றார் பெரியம்மா, சிரிக்காமல்.

"பாத்தியா கண்ணு, ஊசிப் பொட்டியும் சேத்து எடுத்துக்கப் போறா. அதுக்கொரு டிக்கெட்டு எழுதிக்க."

பெரியம்மா சிரித்தது அதற்குத்தான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். கைப்பேசியில் குதிரைகள் ஓடும் காட்சிகளைக் காட்டினால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதில் மூச்சு விடுகிற சத்தம் கேட்காது, வாசனை வராது, அதைப் பார்த்து என்ன செய்வது என்பார்.

அந்த மே மாதமே ஊட்டிக்குப் போயிருக்கலாம். நான்தான் வேண்டாம் என்றேன். அறைகள் நிரம்பியிருந்தன, மலைக்குப் போக முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அரைகுறையாகப் பார்ப்பதைவிட எல்லாவற்றையும் ஒழுங்காகத் திட்டமிட்டுப் போகலாம் என்றேன். பெரியம்மா உடனே சரி என்றார். பிறகு ஆடி வந்தது. அந்தியூர்ச் சந்தை நடக்கும் நாட்களில் எனக்குப் பத்தாம் வகுப்பின் முதல் இடைத்தேர்வு. அதற்கும் சரி என்றார்.

அந்த ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மழையில் நாங்கள் இருவரும் கிளை நிலையத்துத் தாழ்வாரத்தில் மாட்டிக்கொண்டோம். வெள்ளாடு ஒன்று மட்டும் எங்களோடு ஒதுங்கியிருந்தது. மாடுகளோடே வாழ்க்கை முழுவதும் இருந்தவருக்குக் குதிரை மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று சும்மா கேட்டேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

நான் பிறப்பதற்கு முன்பு நடந்தது. அப்போது அவர் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாண ஊர்வலங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் வெள்ளைக் குதிரை ஒன்றை ஓட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த ஒருவர், பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டு அந்தக் குதிரையோடு நடந்தே திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குதிரை படுத்துவிட்டது. புரள்கிறது, எழுந்திருக்கிறது, மறுபடியும் விழுகிறது, தன் விலாவைத் தானே திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. வயிற்றுவலி என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டாக்டர் அன்று வெளியூர்ப் பயிற்சியில் இருந்ததால் பெரியம்மாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. "டாக்டரம்மா வந்துட்டாங்க, வழி உடுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

மாட்டுக்கு வயிறு உப்பினால் நம் பக்கத்தில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். தலையைத் தூக்கிப் பிடித்து, மூங்கில் குழாயைக் கடைவாயில் வைத்து எண்ணெயைப் புகட்டுவோம். பெரியம்மா அதைத்தான் செய்தார். கடையிலிருந்து எண்ணெய் வந்தது, நான்கு பேர் தலையைத் தூக்கிப் பிடித்தார்கள், இவர் ஊற்றினார். குதிரை இருமியது. மூக்கிலிருந்து எண்ணெய் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றது. ஊரே கைதட்டியது. ஆனால் எண்ணெய் வயிற்றுக்குப் போகவில்லை. நுரையீரலுக்குப் போயிருந்தது. மறுநாள் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் குதிரை இறந்துவிட்டது. திரும்பி வந்த டாக்டர் அவரைத் திட்டவில்லை. குதிரைக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் இறக்கித்தான் கொடுக்க வேண்டும், மாட்டைப் போல வாயில் ஊற்றக்கூடாது, பழக்கமில்லாதவர்கள் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்றார்.

"நான் யாரோ ஒருத்தியா அங்க போகல கண்ணு. என்ன நம்பி வழி உட்டாங்க. இது எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். அத்தன பேரு முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சு."

குதிரைக்காரர் அவர் மேல் எந்தக் குறையும் சொல்லவில்லையாம். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சில், ரொம்பப் பாடுபட்டீர்கள் தாயே என்று கும்பிட்டிருக்கிறார். கடிவாளத்தையும் சேணத்தையும் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறியபோது, உள்ளே இருந்த யாரோ "குதிர எங்கய்யா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு பெரியம்மாவின் காதில் விழுந்திருக்கிறது. மழை விட்ட பிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தோம். நல்லபடியாக இருக்கும் குதிரைகளை ஒருமுறை கிட்டே போய்ப் பார்க்க வேண்டும், அவற்றுக்கு எப்படி மருந்து கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். ஓய்வு பெறுவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் இன்னொரு முறை தேதியை மாற்றினேன்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை. எல்லாம் தயாராக இருந்தது. ஊட்டியை விட்டுவிட்டு, ஓசூர், பெங்களூர், குனிகல் என்று மூன்று நாள் பயணம். அந்த வாரம்தான் ஒரு புத்தகத்தில் படித்தேன், குதிரைக் குட்டிகள் பெரும்பாலும் வருடத்தின் முதல் மாதங்களில் பிறக்கும் என்று. பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். இப்போது போனால் குட்டிகளைப் பார்க்க முடியாது, பொங்கல் விடுமுறைக்குப் போனால் பிறந்து சில நாளே ஆன குட்டிகள் தாயோடு நிற்கும், மூன்று மாதம்தானே என்றேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா போட்டிருக்குது? அப்ப பொங்கலுக்கே போலாம். நீ படிச்சவ, உனக்குத் தெரியும்."

அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியப்பா மட்டும் கூடத்திலிருந்து, "ரெண்டு பேரும் நோட்டுலயே ஊட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டாங்கப்பா" என்று குரல் கொடுத்தார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அடக்கம் நடந்த அன்று வந்திருந்தவர்களை எண்ண முடியவில்லை. இண்டூரிலிருந்து வந்தார்கள், பென்னாகரம் சாலையோரத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் மாட்டைப் பற்றியே பேசினார்கள். எந்த வருடம் எந்த மாடு கன்று போட முடியாமல் கிடந்தது, அவர் எப்படி வயலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார் என்று. "எம் பொண்ணு கல்யாணமே அவங்க காப்பாத்திக் குடுத்த எருமையாலதான் நடந்துச்சு" என்று ஒருவர் தூணில் சாய்ந்து அழுதார். உயிர் பிழைத்த மாடுகளின் கதைகளாகவே அங்கே கேட்டுக்கொண்டிருந்தது. இறந்த ஒரு குதிரையைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. ஊர் அதை அன்றைக்கே மறந்துவிட்டிருந்தது. அவர் ஒருவர் மட்டும்தான் இத்தனை வருடம் அதைச் சுமந்திருக்கிறார். நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, பிறந்த குட்டிகளைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு பெரியப்பாவிடம் போனேன். அவர் பின்பக்கத்துக் கல்லில் தனியாக உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. மூன்று முறை தேதியை மாற்றியது நான்தான், நான் மாற்றாமல் இருந்திருந்தால் பெரியம்மா குதிரைகளைப் பார்த்திருப்பார் என்று சொன்னேன். இதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆகியிருந்தது.

அவர் உடனே ஆறுதல் சொல்லவில்லை.

"ஒன்னு சொல்றன், கேட்டுக்க. நீ காலாண்டு லீவுக்கு வேணாம்னு சொன்ன பாரு, அன்னைக்கு ராத்திரி அவ நல்லா தூங்குனா. அதுக்கு முன்ன ஒரு வாரமா தூக்கமே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"ஆயுத பூஜை லீவுல நானே கூப்புட்டன். ஓசூருதான, காலைல போயிட்டு சாயங்காலம் வூட்டுக்கு வந்துரலாம், ஒன்னையும் கூட்டிக்கலாம்னன். புள்ள படிக்கட்டும், நாம மட்டும் போலாம்னுட்டா. பொடவையெல்லாம் கட்டிட்டா. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தா. தலைய வலிக்குதுன்னு அப்படியே திரும்பிட்டா. அவளுக்குக் குதிரயப் பாக்கணும்னு ஆச. பாக்க தைரியம் வரல. நீ தள்ளிப் போட்டப்பல்லாம் அவளுக்கு நிம்மதிதான் கண்ணு."

அவர் என் மனச்சுமையைக் குறைக்கத்தான் அதைச் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது குறையவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் சரி என்றார் என்று இப்போது தெரிகிறது. சரி என்று சொல்லும்போது அவர் கண்ணை நான் பார்த்திருக்கிறேன். வெங்காயம் உரித்த கை ஒரு கணம் நின்றதையும் பார்த்தேன். பார்த்ததற்கு அர்த்தம் என்ன என்று கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அவர் பயத்தைச் சொல்லியிருப்பார். கையைப் பிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. நான் அவருக்கு இன்னும் நல்ல ஒரு தேதியைக் கொடுத்தேன்.

பொங்கல் வந்து போய்விட்டது. குட்டிகள் பிறந்திருக்கும். நாங்கள் யாரும் எங்கும் போகவில்லை. அவர்கள் வீட்டில் இந்த வருடம் பொங்கல் இல்லை.

போன வாரம் நான் பெரியப்பாவிடம் போய், வருகிற சனிக்கிழமை ஓசூர்ப் பண்ணைக்குப் போகலாமா என்று கேட்டேன். எனக்கு அடுத்த மாதம் அரசுத் தேர்வு. அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. ஆனாலும் தடுக்கவில்லை. பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அங்க பந்தயமும் கெடையாது, குட்டிங்களும் கெடையாது. என்னத்தப் பாக்கப் போற?" என்று கேட்டார். குதிரைக்கு எப்படி மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்கப் போகிறேன் என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகு நேரம் துடைத்தார். பிறகு, "அஞ்சே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்குது. அதப் புடிச்சாதான் தருமபுரில ஓசூரு வண்டி கெடைக்கும்" என்றார்.

பெரியம்மாவிடமிருந்து நான் என்ன வைத்துக்கொள்கிறேன் என்று இந்தச் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் குதிரை இறந்த பிறகு, எனக்கு இதற்கு மேல் தெரியாது என்று அவர் உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக் கொட்டகையிலும் நின்று சொல்லியிருக்கிறார். ஒருமுறை சொல்லாமல் விட்டதற்காக வாழ்நாள் முழுவதும் சொன்னார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். எனக்கு அது சுலபமாக வராது. வகுப்பில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள் நான். சனிக்கிழமை அந்தப் பண்ணையின் வாசலில் நின்று, நாங்கள் மாட்டுக்காரர்கள், எங்களுக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, தயவுசெய்து காட்டுங்கள் என்று கேட்க வேண்டும். முன்கூட்டி யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை.